உணர்வுக்கு நிலைக்களன் கேட்டல்: நடுவயதில் ஒரு பணித்திட்டம்

நாற்பதைக் கடந்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த நண்பர்களும், சேரலாமா வேண்டாமா என ஊசலாடும் கல்லூரி ஆசிரியர்களும் தனிச்செய்தியில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இந்த வயதில் இனி எதைத் திட்டமிட முடியும்?” ஒவ்வொருவருக்கும் நாலைந்து வரிகளில் விடை எழுதி அனுப்பிவந்தேன். நாலைந்து வரிகள் இதற்குப் போதவில்லை. எனவே இந்த நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 45. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினேழு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். பெருந்தொற்றுக் காலத்தில் ஊதியம் பாதியானது. பின்னர் சில மாதங்கள் அந்தப் பாதியும் வரவில்லை. கணவரின் பணி ஐதராபாத்துக்கு மாறியபோது நானும் மகளும் உடன் வந்தோம். பணியிலிருந்தபோதே தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை முடித்திருந்தேன். அதைக்கொண்டு இங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வில் சேர்ந்தேன். ஆசிரியர்களின் உணர்வுசார் உழைப்பு என் ஆய்வுப்பொருள். இது நான்காம் ஆண்டு. இரண்டு இயல்கள் எழுத வேண்டியுள்ளன. என் துறையில் இருக்கும் தெலுங்கு இளைஞர்கள் என்னை ‘அக்கா’ என்று அழைக்கிறார்கள். இரு மொழிக்கும் பொதுவான அந்தச் சொல் எனக்குப் பெரிய ஆறுதல்.

கடந்த பிப்ரவரியில் பெங்களூரிலுள்ள பயிற்சி நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அலுவலகப் பணியாளர்களுக்கு ‘உணர்வுசார் நுண்ணறிவு’ வகுப்பு எடுக்க முழுநேரப் பயிற்றுநர் தேவை என்றார்கள். கல்லூரியில் நான் பெற்ற முழு ஊதியத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஊதியம். பத்து நாளுக்குள் விடை சொல்ல வேண்டும். ஆய்வேட்டை முடித்துவிட்டு வரலாமா என்று கேட்டேன், இயலாது என்றனர். ஆக, நான் ஆய்வு செய்யும் பொருளையே விற்கும் வேலை ஒருபுறம். அந்த ஆய்வை முடிப்பது மறுபுறம். அந்தப் பத்து நாட்களில் நான் எப்படி முடிவெடுத்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

கல்வியியல் பாடநூல்களில் ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்று அச்சாகும் இந்தக் கருத்தின் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். 1990ஆம் ஆண்டு பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் எழுதிய கட்டுரையில் அது ஒரு திறனாக வரையறுக்கப்பட்டது. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்தல், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிதல், அவை தரும் செய்தியைச் சிந்தனைக்கும் செயலுக்கும் பயன்படுத்தல் ஆகியவை அத்திறனின் கூறுகள். 1995இல் டேனியல் கோல்மனின் நூல் வெளிவந்தபின் அச்சொல் உலகமெங்கும் பரவியது. பரவும்போது பொருளும் மெல்ல நகர்ந்தது. அலுவலகங்களில் இன்று அது பெரும்பாலும் கோபப்படாமலிருத்தல், இன்முகம் காட்டுதல், மேலாளரோடு ஒத்துப்போதல் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இலேயே, விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்து, ஊதியத்துக்காக உணர்வை ஆளும் இந்த வேலைக்கு ‘உணர்வுசார் உழைப்பு’ என்று பெயர் சூட்டினார். ஒருவர் தன் உணர்வைப் படித்தறிவது வேறு. நிறுவனத்துக்காக அதை மடித்துவைப்பது வேறு. நடுவயதில் பணித்திட்டம் தீட்டுவோருக்கு முதலாவதே தேவைப்படுகிறது.

ஏன் நடுவயதில் குறிப்பாக? பணிவாழ்வு பற்றிய பழைய வரைபடம் இப்போது நம் பலருக்குப் பொருந்துவதில்லை. டொனால்ட் சூப்பர் 1950களில் வகுத்த பருவங்களின்படி 25 முதல் 44 வரை ஒருவர் தன்னைப் பணியில் நிலைநிறுத்துகிறார்; 45 முதல் 64 வரை நிலைநிறுத்தியதைப் பேணுகிறார். அந்தக் கணக்கில் நான் பேண வேண்டிய வயதில் இருக்கிறேன். பேணுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. மனிதர் ஒரே பருவத்துக்குள்ளும் தேடல், நிலைபெறல் என்னும் சுழற்சிகளை மீண்டும் கடப்பர் என்று சூப்பரே பிற்காலத்தில் விரித்துரைத்தார். இத்திருத்தம் பாடநூல்களில் ஓரிரு வரியாக இடம்பெறுகிறது. என் போன்றோரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஓரிரு வரிக்குள்தான் நடக்கிறது.

லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு இன்னொன்றைச் சொல்கிறது. எதிர்காலம் நீண்டு கிடப்பதாகத் தோன்றும்வரை மனிதர் புதிய அறிவையும் புதிய தொடர்புகளையும் சேர்க்கின்றனர். அது குறுகுவதாகத் தோன்றியதும் மனத்துக்கு நிறைவு தருவனவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். வயதைவிட, மீந்திருக்கும் காலம் பற்றிய உணர்வே இதைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்து. நடுவயது ஆய்வாளரின் இக்கட்டை இது எனக்கு விளக்கியது. நம்மிடம் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஆய்வாளர் என்ற கடிகாரம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அறிவைச் சேர் என்கிறது. பெற்ற தாயின் முழங்கால்வலியையும் மகளின் கல்லூரிச் சேர்க்கையையும் காட்டும் கடிகாரம், தேர்ந்தெடு என்கிறது.

எண்களை மறைத்துவிட்டு உணர்வைப் பேசுவது நேர்மையன்று. ஆகவே கணக்கைப் போட்டேன். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. எனக்கு அது பொருந்தாது. 2023 சனவரி முதல் அத்தொகை மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காத என் போன்றோர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் வழங்கப்படுவது மாதம் 8,000 ரூபாய். ஆய்வேட்டை 46 வயதில் அளித்து, 47இல் பட்டமும் அவ்வாண்டே உதவிப் பேராசிரியர் பணியும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, முனைவர் பட்டத்தோடு சேர்பவர் ஊதிய நிலை 10இலிருந்து 11க்குச் செல்ல நான்கு ஆண்டு, 12க்கு ஐந்தாண்டு, இணைப் பேராசிரியராக மூன்றாண்டு, பேராசிரியராக மேலும் மூன்றாண்டு. மொத்தம் பதினைந்து. ஒருநாள்கூடத் தாமதமின்றி எல்லாம் நடந்தாலும் பேராசிரியராகும்போது எனக்கு வயது 62, ஓய்வு 65இல். பழைய பணிக்கான வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் 58 வயதில் தொடங்கும். பதினேழு ஆண்டுப் பணிக்கு அது மாதம் மூவாயிரத்தைத் தொடாது.

கணக்கு முடிந்தது, முடிவு கிட்டவில்லை. ஏனெனில் ஒவ்வோர் எண்ணையும் எழுதும்போது ஓர் உணர்வு வந்து பக்கத்தில் அமர்ந்துகொண்டது. அந்த உணர்வுகளை என்ன செய்வது? இங்கேதான் எனக்குத் தொல்காப்பியம் துணைநின்றது. தமிழ் இலக்கிய மாணவர்கள் மெய்ப்பாட்டியலை நன்கறிவர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு நூல் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எந்தெந்த நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அது செய்யுளுக்கான இலக்கணம்; உளவியல் நூலன்று. ஆயினும் அதன் முறை எனக்கு உடனே பயன்பட்டது. உணர்வு வந்தால் அதை அடக்குவதற்கு முன் ‘எங்கே பிறந்தாய்?’ என்று கேட்க வேண்டும். பத்து நாளும் ஒரு தாளில் இந்த விசாரணையைத்தான் நடத்தினேன்.

முதலில் அச்சம். அதன் நிலைக்களன் தெளிவானது: பணம். மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறாள். கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இந்த அச்சம் பொய்யன்று. அதை மூச்சுப்பயிற்சியால் தணிக்க முற்படுவது அதற்கு நாம் செய்யும் அவமதிப்பு. அது கேட்பது வரவு செலவுக் கணக்கை. பதினெட்டு மாதச் செலவை எழுதிப் பார்த்ததும் அச்சம் போய்விடவில்லை. ஆனால் எவ்வளவு என்று தெரிந்தது. மாதம் இவ்வளவு குறைகிறது என்று தெரிந்த அச்சத்தோடு பேச முடியும்.

இரண்டாவது இளிவரல். தொல்காப்பியர் இதற்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் முதலாவது மூப்பு. சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் பெயர்ப்பதிவு வரிசையில் நின்றேன். அதே அரங்கில் சிறப்புரையாற்ற வந்தவர் என் முன்னாள் மாணவர். அவர் என்னைக் கண்டதும் பணிவோடு எழுந்து வந்து வணங்கினார். அந்த வணக்கம்தான் அதிகம் சுட்டது. இந்த உணர்வை ஒரு சோதனைக்கு உட்படுத்தினேன்: யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் இது எனக்கு எழுகிறதா? எழுவதில்லை. அங்கே நேர்காணல் பதிவுகளைக் கேட்டு எழுதும்போது வயது என்ற ஒன்று நினைவுக்கே வருவதில்லை. எனவே இந்த இளிவரல் பிறர் கண்ணிலிருந்து நான் கடன் வாங்கியது. கடன் வாங்கிய உணர்வைக்கொண்டு இருபதாண்டுக்குத் திட்டம் தீட்டக் கூடாது. அதே மெய்ப்பாட்டியலில் பெருமிதத்தின் முதல் நிலைக்களனாகக் கல்வி இருப்பதையும் அன்று குறித்துக்கொண்டேன். மூப்பும் கல்வியும் என் ஒரே உடலில் இருப்பதால் இரண்டு உணர்வும் மாறி மாறி வருவது இயல்பே.

மூன்றாவது பொறாமை. எண்வகை மெய்ப்பாட்டில் இது இல்லை. அடுத்துச் சொல்லப்படும் முப்பத்திரண்டில் உண்டு. அதே முப்பத்திரண்டில் ‘ஆராய்ச்சி’யும் இருக்கிறது என்பது ஆய்வாளர்களாகிய நாம் சிரித்துக்கொள்ள வேண்டிய செய்தி. யார்மீது பொறாமை என்று எழுதத் தொடங்கியபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. பேராசிரியர்கள் மீது இல்லை. இருமடங்கு ஊதியம் பெறும் பயிற்றுநர்கள் மீதும் இல்லை. வாரம் இருநாள் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு அமர்ந்து, அவர்களுடைய வகுப்பறைச் சிக்கல்களைக் கேட்டு வழிகாட்டும் ஒரு தோழியின் மீது இருந்தது. அவருடைய ஊதியம் சிறிது, பதவிப்பெயரும் பெரிதன்று. இத்தனை ஆண்டுகளில் எந்த வழிகாட்டி நூலும் சொல்லாததை என் பொறாமை ஒரே மாலையில் சொல்லிவிட்டது: நான் விரும்பும் வேலை எது என்பதை.

நான்காவது வெகுளி. 37,000க்கும் 8,000க்கும் இடையிலுள்ள தொலைவைக் கண்டு வரும் சினம். ஊதியத்தைப் பாதியாக்கிய கல்லூரியை நினைத்து வரும் சினம். இதன் நிலைக்களன் எனக்கு வெளியே இருக்கிறது. நடுவயதினரின் உணர்வுசார் நுண்ணறிவு பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றனர். எல்லாச் சினத்தையும் மனப்பக்குவத்தின் குறையாகக் கொண்டு, உள்ளே திருத்தச் சொல்கின்றனர். சரியான இடத்தில் பிறந்த சினத்தைச் சரியான சினம் என்று அறிவதும் அந்நுண்ணறிவின் பகுதியே. அதை என் திட்டத்துக்குள் கொண்டுவந்து என்னையே வருத்திக்கொள்வதில் பயனில்லை. அது போக வேண்டிய இடம் உதவித்தொகைக் கோரிக்கை மனு. அங்கே நான் கையொப்பமிட்டிருக்கிறேன்.

வரையறையின் மறுபாதி, பிறர் உணர்வை அறிதல். நடுவயதில் யாரும் தனக்கு மட்டும் திட்டம் தீட்ட முடியாது. என் கணவருக்கு 48 வயது, இரவுப் பணி, நீரிழிவு. அவர் ஒன்றும் சொல்லாமலிருந்தார். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதி. நான் கேட்டேன்: “நீங்க உண்மையில என்ன நினைக்கறீங்க?” சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “நீ அந்த வேலையை ஒத்துக்கிட்டா நான் இரவுப் பணியை விட்டுடலாம்னு நினைச்சேன். எனக்கும் பயம்தான். அதை நீ மட்டும் சுமக்கறதா நினைச்சுக்காதே.” என் தாளில் அதுவரை இல்லாத ஒரு வரி அன்று சேர்ந்தது. என் ஆய்வேட்டின் விலையில் ஒரு பகுதியை அவருடைய உறக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மேலும் ஒரு சோதனை தேவைப்பட்டது. நாளை நாம் எவ்வளவு வருந்துவோம், எவ்வளவு மகிழ்வோம் என்று இன்று கணிப்பதில் மனிதர் வல்லவரல்லர். டேனியல் கில்பர்ட்டும் உடனாய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு நம் இனத்தவரைப் பற்றியதே. நிரந்தரப் பணி மறுக்கப்பட்டால் எவ்வளவு துயருறுவோம் என்று உதவிப் பேராசிரியர்கள் கணித்தனர். அதைப் பெற்றவர்களும் மறுக்கப்பட்டவர்களும் பின்னாளில் உண்மையில் எப்படி இருந்தனர் என்பதோடு அக்கணிப்பு ஒப்பிடப்பட்டது. கணித்த அளவு வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்கச் சூழலில் கண்ட முடிவை, மாற்றுப்பணி எளிதில் கிட்டாத நம் சூழலுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் ‘பேராசிரியராகாவிட்டால் என் வாழ்க்கை வீண்’ என்னும் என் கணிப்பை அது தளர்த்தியது. அந்தக் கணிப்பு தளர்ந்ததும், 62 என்ற எண் என்னை அச்சுறுத்துவதை நிறுத்திக்கொண்டது.

பெங்களூர் அழைப்பை மறுத்தேன். இதை வீரச்செயலாக எவரும் கொள்ள வேண்டாம். அதற்கு விலை உண்டு. முன்பே சொன்னதுபோல் அந்த விலையில் ஒரு பகுதியை இன்னொருவர் கொடுக்கிறார். ஆகவே திட்டத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். அடுத்த ஆண்டு சூன் 30க்குள் ஆய்வேட்டை அளிக்க வேண்டும். விதிகள் ஆறாண்டும், பெண்களுக்கு மேலும் ஈராண்டும் இடம்தருகின்றன. அந்த ஈராண்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மாவின் அறுவை சிகிச்சை போன்றவற்றுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். இப்போதிலிருந்தே வாரம் இருமாலை இணையவழியில் கணிதம் கற்பிக்கிறேன். மகளின் கட்டணத்தில் ஒரு பகுதி அதிலிருந்து. சூன் 30 கடந்ததும், பட்டம் கைக்கு வருமுன்னரே, ஆசிரியர் கல்வி சார்ந்த எந்த வேலை கிடைத்தாலும் சேர்வேன். அன்று அவர் இரவுப் பணியை விடுவார். உதவிப் பேராசிரியர் பணிக்கு ஈராண்டு விண்ணப்பிப்பேன். கிடைக்காவிட்டால் பள்ளி ஆசிரியர்களோடு பணியாற்றும் அமைப்புகளை நோக்கி நகர்வேன். 65 வயதில் என்ன பதவியில் இருப்பேன் என்பது இத்திட்டத்தில் இல்லை. எவரோடு வேலை செய்துகொண்டிருப்பேன் என்பது இருக்கிறது.

‘நடுவயது நெருக்கடி’ என்ற தொடரை 1965இல் தன் கட்டுரையால் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எலியட் ஜாக்ஸ், அப்போது 48 வயதினர். சாவு தனக்கும் உண்டு என்று மனிதர் முதன்முதலாக உணரும் காலத்தைப் பற்றி எழுதிய அவர், அதன்பின் 38 ஆண்டுகள் வாழ்ந்தார். பல நூல்களை அதன்பிறகே எழுதினார். கோட்பாட்டைவிட இந்தச் சிறு தகவல் எனக்கு அதிகத் தெம்பு தந்தது.

இளைய ஆய்வாளர்களுக்கு ஒன்று: உங்கள் அறையில் மூத்த வயதில் ஆய்வு செய்பவர் இருந்தால், ‘இந்த வயதில் ஏன்?’ என்பதற்குப் பதில் ‘எந்த இயல் எழுதுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். நெறியாளர்களுக்கு ஒன்று: பணி, குடும்பம், காலக்கெடு ஆகியவற்றை முதல் ஆண்டிலேயே அவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள், நான்காம் ஆண்டில் வரும் அழைப்புகளை எதிர்கொள்ள அது உதவும்.

தனிச்செய்தியில் கேட்ட நண்பர்களுக்கு: ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உணர்வின் பெயர். இரண்டாவதில் அது பிறந்த இடம். மூன்றாவதில் அது கேட்கும் செயல். கணக்கைக் கேட்கும் உணர்வுக்குக் கணக்கைக் கொடுங்கள். மனுவைக் கேட்கும் உணர்வுக்கு மனுவை எழுதுங்கள். பிறர் கண்ணிலிருந்து வந்ததைத் திருப்பிக் கொடுங்கள். எழுதி முடித்ததும் தாளை வீட்டில் உள்ளவரிடம் காட்டுங்கள். அவர் சேர்க்கும் வரிக்கு இடம் விட்டுவையுங்கள். என் தாள் இப்போது மேசைமேல் இருக்கிறது. சூன் 30க்கு இன்னும் ஐந்தாம் இயலும் முடிவுரையும் மீதம்.